சுவரெல்லாம் கட்டம்

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கேட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில். இன்னொன்று, ஏசி போட்ட கம்ப்யூட்டர் ரூம். பிள்ளையார் கேட்டதைக் கொடுத்தார் என்று சொல்லவாவது நாலு பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முனிலட்சுமிக்கு மனசு வராது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அவள்தான். அந்த ரூமின் ஆபரேட்டரும் அவள்தான்.

முனிலட்சுமியின் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வெங்கடம்மா பாகலூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் களை எடுத்தும் பூப் பறித்தும் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் முடித்ததுதான் முனிலட்சுமிக்கு வேலை வாங்கித் தந்தது. இங்கிலீஷ் அடிக்கக் கம்பெனியில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆள் இருந்தது. தமிழ் அடிக்கத்தான் யாரும் இல்லை. வேலை கொஞ்சம் நிலைத்ததும் அம்மாவையும் அதே கம்பெனியில், காண்ட்ராக்டில், பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டாள். குனிந்து குனிந்து பூப் பறித்த இடுப்புக்கு நின்றபடி துடைப்பது எவ்வளவோ தேவலை என்று வெங்கடம்மாவே சொன்னாள்.

வெங்கடம்மா படித்த கதை தனி. ஒருநாள் பாகலூர் போகிறவள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஏறி, எங்கேயோ கர்நாடகாவுக்குள் போய் இறங்கி, ஊர் பேர் தெரியாத இடத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பி வந்த வாரமே அறிவொளி இயக்கத்துக்காரர்கள் அவர்கள் காலனியில் எழுத்தறிவு வகுப்பு ஆரம்பித்தார்கள். தெரு விளக்குக்குக் கீழே நடந்த அந்த வகுப்பில் மற்ற பெண்களெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, வெங்கடம்மா மட்டும் சிலேட்டை விடவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அதற்கப்புறம் அவளோடு தெருவில் நடப்பது பெரிய சோதனை. சோப்பு உறை, கல்யாண போஸ்டர், லாரியின் முதுகு, எதையும் விடமாட்டாள். சத்தமாகப் படிப்பாள், பக்கத்தில் யார் இருந்தாலும் கவலை கிடையாது.

கம்பெனியில் பாகங்களுக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் ஷாப் ஓரத்துத் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே கம்பெனியின் தரக் கொள்கை, கீழே அமிலத் தொட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகள். முனிலட்சுமி தமிழில் அடித்தது. தினமும் காலையில் வெங்கடம்மா துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தரையைத் தொடுவாள். "எம் பொண்ணு அடிச்சது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவளுக்கென்று சொந்தமாகப் பெருமைப்பட உலகத்தில் இருந்தது இந்த இரண்டுதான்: மகள் அடித்த எழுத்து, தான் படித்த படிப்பு.

தொண்ணூற்றெட்டில் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. பைத்தியம் பிடித்தது. அந்தத் தரச் சான்றிதழ் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். குவாலிட்டி மேனேஜர் சென்னகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக ஓட ஆரம்பித்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம், நல்ல மனிதர், ஆனால் மேலிடம் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது. பெங்களூர் ஹெட் ஆபீஸ் சொன்னது இதுதான். இனிமேல் சுவரில் ஒட்டுகிற எந்தத் தாளும் புதிதாக வந்த வெர்ஷன் கண்ட்ரோல் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அதன் மேல் சிவப்பு முத்திரை விழுந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத தாள் சுவரில் இருந்தால் சான்றிதழ் கிடையாது.

அந்த சாஃப்ட்வேர் ஒரு பெரிய கிடங்கு மாதிரி. எழுதிய ஃபைலை உள்ளே வைக்க வேண்டும். திருத்த வேண்டுமானால் வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி வைக்க வேண்டும். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பதை அது மறக்காது, பழைய பதிப்பு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருக்கும். யோசனை நல்ல யோசனைதான். முனிலட்சுமிகூட முதல் நாள் சந்தோஷப்பட்டாள். தூணில் இருந்த தாளை அடித்து, உள்ளே வைத்து, வெளியே எடுத்து, பிரிண்ட் கொடுத்தாள். தாளில் கம்பெனி பெயர் இங்கிலீஷில் ஜோராக வந்தது. தேதி வந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ் வரை சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன.

தான்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று மறுபடி அடித்தாள். மறுபடி கட்டம். மூன்றாவது முறையும் கட்டம் வந்ததும் பெங்களூருக்குப் போன் போட்டாள். ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் ராமப்பன். ஆனேக்கல்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், கோபமே வராது. கோபம் வராத ஆளோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று முனிலட்சுமி அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டாள்.

"நோடி, பாருங்க மேடம், கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அதுக்கு நம்பர்தான் தெரியும்," என்றார் ராமப்பன். "இங்கிலீஷ் போக மிச்சம் இருக்கற நம்பர எடுத்து உங்க ஃபாண்ட்காரங்க தமிழ் எழுத்துக்கு வச்சிட்டாங்க. எங்க ஃபாண்ட்காரங்க வேற சில நம்பர எடுத்து கன்னடத்துக்கு வச்சிட்டாங்க. சாஃப்ட்வேர்ல 'கேரக்டர் செட்'ன்னு ஒரு செட்டிங் இருக்கு. வர்ற நம்பர் எந்தப் பாஷைன்னு அதுல சொல்லணும். இங்க பெங்களூர் ஃபேக்டரிக்காகக் கன்னடம் வச்சிருக்கேன். கன்னட லிஸ்ட்ல இல்லாத நம்பர் வந்தா, தூக்கிப் போட்டுட்டு கட்டம் வச்சிடும்."

"அப்ப தமிழுக்கு மாத்துங்க சார்."

"மாத்தலாம். கன்னடம் ஓடிப் போயிடும். மொத்தத்துக்கும் ஒரே செட்டிங்தான் மேடம்."

ஒரே குழாயை நம்பி இரண்டு தெரு இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. முனிலட்சுமி கெஞ்சிக் கூத்தாடினால் ராமப்பன் காலையில் செட்டிங்கைத் தமிழுக்கு மாற்றுவார். மத்தியானம் அங்கே கன்னடத் தாளில் கட்டம் விழுந்து, அவருடைய மேனேஜர் சத்தம் போட்டு, பழையபடி கன்னடத்துக்குப் போய்விடும். அது தெரியாமல் இங்கே சென்னகிருஷ்ணன், பிரிண்ட் போடுமுன், தமிழ் ஃபைலை ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு தேதியைத் திருத்தி, திரும்ப உள்ளே வைத்திருப்பார். அவ்வளவுதான், மொத்தமும் கட்டம். ஒருமுறை கட்டமாகிவிட்டால் திரும்ப வராது; பழைய பதிப்பை எடுத்தாலும் அதுவும் கட்டமாகத்தான் வெளியே வரும். முதல் எழுத்திலிருந்து முனிலட்சுமி அடிக்க வேண்டும். கனவிலும் அவள் விரல் அடித்துக்கொண்டிருந்தது. அமிலத் தொட்டியின் அருகே கையுறை அணிக, அமிலத் தொட்டியின் அருகே கையுறை அணிக.

"சார், இதை விட்டுட்டு நான் அடிச்ச பழைய தாளையே ஒட்டலாம் சார். அதை எல்லாரும் படிக்கறாங்க," என்றாள் சென்னகிருஷ்ணனிடம்.

"அதுல முத்திரை இல்ல."

"இதுல எழுத்து இல்ல சார்."

"இதோ பாரு முனிலட்சுமி, எழுத்து இல்லன்னா அது சாஃப்ட்வேர் தப்பு. முத்திரை இல்லன்னா அது என் தப்பு." இதைச் சொல்லிவிட்டு அவரே பிளேட்டிங் ஷாப்புக்குப் போய்ப் பழைய தாளைக் கிழித்துவிட்டு, சிவப்பு முத்திரை பளபளக்கக் கட்டம் போட்ட தாளை ஒட்டினார். சான்றிதழுக்கான ஆடிட் முடியட்டும், பிறகு எல்லாம் சரி செய்துகொள்ளலாம் என்றார். தொழிற்சாலைகளில் 'ஆடிட் முடியட்டும்' என்பதற்கு ஒருநாளும் நடக்காது என்று அர்த்தம். முனிலட்சுமிக்கு அது அப்போது தெரியாது.

மறுநாள் காலை வெங்கடம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். கண்ணைக் கசக்கினாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மகளைத் தேடி வந்தாள்.

"ஏண்டி முனி, இன்னாடி அது தூண்ல? ஒரு எழுத்தும் எனுக்குப் புரியல."

"அது எழுத்தே இல்லம்மா. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு."

"லச்ச ரூவா மெசினுடி அது. அது போய்த் தப்புப் பண்ணுமா?"

"பண்ணும். தெனமும் பண்ணுது. என் உயிரை வாங்குது."

வெங்கடம்மா பாதி நம்பினாள். மீதியையும் நம்பியிருப்பாள், ஒத்திகை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

ஆடிட்டர் பம்பாயிலிருந்து வருகிறவர், அவருக்குத் தமிழ் தெரியாது. யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, சுவரில் இருப்பதைப் படிக்கச் சொல்வாராம். சென்னகிருஷ்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிலாளிகளுக்கெல்லாம் அந்த வாசகங்களை மனப்பாடம் பண்ண வைத்தார். கேட்டால், கட்டங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிக்க வேண்டும். இதில் கெட்டிக்காரன் ரத்தினவேல். சேலத்துப் பையன், பிரஸ் ஆபரேட்டர். கட்டத்துக்குக் கட்டம் விரலை வைத்து, நடு நடுவே மூச்சு விட்டு, ஒரு இடத்தில் வேண்டுமென்றே தடுக்கித் திருத்திக்கொண்டு, நிஜமாகப் படிப்பதைவிட நன்றாகப் படித்தான். மற்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் துடைக்கிற கட்டையோடு வெங்கடம்மா நின்றிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். பாகலூர் பஸ் வந்தது. நெற்றியில் ஊர் பெயர் பெரிசாக எழுதியிருந்தது. வழக்கமாக அது திரும்பும்போதே சத்தமாகப் படித்து, முனிலட்சுமியின் மானத்தை வாங்குகிறவள், அன்று பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டாள். "ஏம்ப்பா, இது பாகலூரு போவுதா?"

முனிலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "ஏம்மா, போர்டுல இருக்குதில்ல?"

"எனுக்கு எழுத்து மறந்துபோச்சு கண்ணு. எல்லாரும் அந்தத் தாளப் படிக்கறாங்கோ. ரத்தினவேலு கடகடன்னு படிக்கறான். எனுக்கு மட்டும் கட்டம் கட்டமா தெரியுது. அந்தப் படிப்பெல்லாம் வயசானவங்களுக்கு நிக்காதாட்டம் இருக்குது."

"அவனுங்க படிக்கலம்மா, மனப்பாடமா ஒப்பிக்கறானுங்க!"

"நீ எனுக்காக சொல்ற," என்றாள் வெங்கடம்மா. அதோடு பேச்சை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் சோப்பு உறையைப் படிக்கவில்லை, போஸ்டரைப் படிக்கவில்லை. படி படி என்று வீட்டில் முனிலட்சுமி பழைய வாரப் பத்திரிகையை நீட்டினால், கண் எரியுது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் வாயாடுகிற அம்மா வாயை மூடிக்கொண்டது முனிலட்சுமியால் தாங்க முடியவில்லை. அவள் தினமும் பெங்களூருக்குப் போன் போட்டாள். ராமப்பன் தினமும் பொறுமையாக, அன்பாக, கோபமே இல்லாமல், ஆகல்ல மேடம், முடியாது என்றார். போனைத் தலையில் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஆடிட்டர் வந்தார். ரத்தினவேல் பிரமாதமாகப் படித்தான். ஆடிட்டர் தலையாட்டிக்கொண்டே நடந்தவர், பிளேட்டிங் ஷாப் தூணருகே நின்று, பயிற்சி கொடுத்து நிறுத்தியிருந்த ஆட்களை விட்டுவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்ற வெங்கடம்மாவைக் கைகாட்டினார். அவளை யாரும் தயார் செய்திருக்கவில்லை. பெருக்குகிறவளையா கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள்.

"அதைப் படிம்மா," என்றார் சென்னகிருஷ்ணன். கண்ணாலேயே கெஞ்சினார்.

வெங்கடம்மா தாளைப் பார்த்தாள். அந்த வாசகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். வருஷக்கணக்கில் தினமும் படித்தது. வாயைத் திறந்திருந்தால் ரத்தினவேலைவிட நன்றாக வந்திருக்கும். ஆனால் அவளுக்குப் படிப்பது என்றால் படிப்பதுதான். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

"எனுக்குப் படிக்கத் தெரியல சாரு," என்றாள். கண் கலங்கிவிட்டது.

சென்னகிருஷ்ணன் அதை இங்கிலீஷில் சொன்னார். ஆடிட்டர் எழுதிக்கொண்டார். கட்டங்களில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தமிழே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். அவர் கண்டுபிடித்த குறை ஒன்றே ஒன்றுதான். துப்புரவுப் பணியாளருக்குப் படிக்கத் தெரியவில்லை. அதைச் சரி செய்தால் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனி வெங்கடம்மாவுக்கு எழுத்தறிவு வகுப்பு வைத்தது. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது? செட்டிங் அப்படியே இருந்தது. கட்டம் அப்படியே இருந்தது. தெரு விளக்கில் படித்து முடித்தவளை மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளி டீச்சர் சரோஜம்மாளைச் சாயங்காலம் கேண்டீனுக்கு வரவழைத்தார்கள். பாடத்தை முனிலட்சுமி அடிக்க வேண்டும் என்றார் சென்னகிருஷ்ணன்.

"அடிக்கறேன் சார். சாஃப்ட்வேர்ல மட்டும் போட வேணாம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வகுப்பும் ஆடிட்ல வருது முனிலட்சுமி. முத்திரை வேணும்."

அடித்தாள். உள்ளே வைத்தாள். வெளியே எடுத்தாள். வரிசை வரிசையாகக் கட்டம். முத்திரை குத்தி அவரே கேண்டீனுக்குக் கொடுத்தனுப்பினார்.

சரோஜம்மாள் டீச்சர் தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். திருப்பிப் பிடித்தார். எதிரே பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு வெங்கடம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? ஒண்ணும் படிக்க முடியலயே," என்றார் டீச்சர்.

வெங்கடம்மா மெதுவாக எழுந்தாள். "உங்களுக்குமா டீச்சரம்மா?"

"யாருக்கும் முடியாதும்மா. இது எழுத்தே இல்ல."

வெங்கடம்மா அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தாள். செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போனாள். "அடியே, டீச்சருக்கும் தெரியலடி! என்னாண்ட ஒண்ணும் தப்பு இல்லடி!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மகளுக்கே தெரியவில்லை. அடுத்த நிமிஷம் கோபம் வந்துவிட்டது. "இத்தினி நாளா எல்லாரும் சேந்து என்னைக் கேனச்சி ஆக்கினீங்களேடி!"

நான் சொன்னேனே, தினமும் சொன்னேனே என்று முனிலட்சுமி வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். துடைப்பத்தையும் குப்பைத் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டாள். பிளேட்டிங் ஷாப் தூணில் ஆரம்பித்தாள். பிரஸ் ஷாப், அசெம்பிளி, ஸ்டோர்ஸ், ஒரு சுவர் விடவில்லை. முத்திரை போட்ட தாள் ஒவ்வொன்றையும் கிழித்துக் கீழே போட்டுப் பெருக்கி வண்டியில் தள்ளினாள். ரத்தினவேல் தடுக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மெஷினுக்கே திரும்பிக்கொண்டான்.

சென்னகிருஷ்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னம்மா பண்ற நீ? யாரு உன்னைக் கிழிக்கச் சொன்னது?"

"குப்பை அள்றது என் வேலை சாரு." வண்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இது குப்பை இல்லன்னா ஒரு வரி படிச்சுக் காட்டுங்க. நானே பசை போட்டு ஒட்டிடறேன்."

சென்னகிருஷ்ணன் தாளை வாங்கினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவருக்கும் அந்த வாசகம் மனப்பாடம்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய், அவரே பெங்களூருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. போனை முனிலட்சுமியிடம் கொடுத்தார்.

"ஒரு வழி இருக்கு மேடம்," என்றார் ராமப்பன் அதே அன்போடு. "அந்த ஃபைல்ல மட்டும் ஒரு டிக் போட்டுட்டா, செட்டிங் என்னவா இருந்தாலும் சாஃப்ட்வேர் அதைத் தொடாது. உள்ளதை உள்ளபடி வச்சுக்கும்."

"இதை ஏன் சார் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க செட்டிங்க மாத்தத்தானே கேட்டீங்க? இது வேற."

முனிலட்சுமி போனை வைத்தாள். பேசியிருந்தால் வேலை போயிருக்கும். டிக்கைப் போட்டாள், மறுபடி ஒருமுறை அடித்தாள், உள்ளே வைத்து வெளியே எடுத்தாள். தமிழ் தமிழாகவே வந்தது. சென்னகிருஷ்ணன் முத்திரை குத்திய அந்தத் தாளை வெங்கடம்மாவே தூணில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். நடுவே ஓர் இடத்தில் நிஜமாகவே தடுக்கித் திருத்திக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பாகலூர் பஸ் முனை திரும்புவதற்குள் சத்தம் போட்டுப் படித்து, ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தாள்.

சான்றிதழ் வந்தது. கேட்டில் மாலை போட்டு மாட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள் சாஃப்ட்வேருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த முனிலட்சுமியின் கண்ணில் ஆடிட் குறைகளின் ஃபைல் பட்டது. இங்கிலீஷ் ஃபைல். அதில் அம்மாவின் பெயர் இருந்தது. வெங்கடம்மா, துப்புரவுப் பணி, எழுதப் படிக்கத் தெரியாதவர். கம்பெனி நடத்திய வகுப்பால் இப்போது படிக்கக் கற்றுக்கொண்டார். சென்னகிருஷ்ணன் கையெழுத்து.

அவள் உடனே போனை எடுத்தாள். "அந்த வரியை எடுக்கணும் சார்."

"புதுசா திருத்தி வைக்கலாம் மேடம். பழசு உள்ளேயே இருக்கும். எதையும் அழிக்க முடியாது, அதுக்குத்தானே இந்த சாஃப்ட்வேரே," என்றார் ராமப்பன்.

அவள் அடித்த தமிழையெல்லாம் வாரக்கணக்கில் தின்று தீர்த்த சனியன், இந்த ஒரு வரியை மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் வைத்திருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஆத்திரத்தில், சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வெங்கடம்மா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்ப தெரு லைட்டு கீழ சிலேட்டு வச்சினு ஒக்காந்திருந்தது யாருடி?" என்று கேட்டாள்.